கவுளி சொன்னால்தான் கடைசிச் சரணம்

எங்கள் வீட்டுக் குழாய்களில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்துவிடும். ராமநாதபுரத்தில் இது ஒரு சேதியே இல்லை. போன வாரம் மருமகள் எங்கேயோ படித்துவிட்டு, பழைய துணிகளை வினிகரில் நனைத்து, குழாய்களுக்கெல்லாம் காயத்துக்குக் கட்டுவது போலக் கட்டுப்போட்டு வைத்தாள். வீடு முழுக்கப் புளித்த வாடை. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் குளியலறை ஓரமாக நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். "என்னங்கத்தை, கிறுகிறுன்னு வருதா?" என்றாள் மருமகள். கிறுகிறுப்பெல்லாம் இல்லை. எனக்கு அது வேலைக்குப் போன நாட்களின் வாடை.

பழைய ஒலிநாடா கெட்டுப்போனால் இதே வாடைதான் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் ஒரு வானொலி நிலையத்தில் நிகழ்ச்சி உதவியாளராக இருந்தேன். எந்த ஊர் நிலையம் என்பதை விட்டுவிடுவோம், அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் நல்லபடியாக இருக்கிறார்கள். அங்கே நாடா அறை என்று ஒன்று உண்டு. கதவைத் திறந்தாலே ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும். புதிதாகச் சேர்ந்தபோது யாரோ மதியச் சாப்பாட்டை வைத்து மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அலமாரி அலமாரியாகத் தேடியவள் நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. எல்லாருக்கும் தெரிந்த பெரிய சாகித்யகர்த்தாக்களைத்தான் தினமும் போடுகிறோமே, யாருக்கும் தெரியாதவர்களைத் தேடிப் பிடித்து ஒரு தொடர் செய்தால் என்ன என்று. அதிகாரியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "யாருக்கும் தெரியாதவங்கன்னா எப்படிம்மா தேடுவே?" என்றார். நியாயமான கேள்வி. சொந்த ஜில்லாவிலிருந்து தொடங்குகிறேன் என்றேன். வறண்ட ஜில்லாதானே, சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, சம்மதித்தார்.

தீரவில்லை. பாம்பன் பக்கத்தில் ஒருவர் இருந்திருக்கிறார். அவர் செய்த கீர்த்தனங்கள் எதிலும் மத்திமம், அதாவது 'ம' ஸ்வரம், கிடையாது. எல்லாம் மோகனம், ஹம்ஸத்வனி, இப்படி. ஒரு பேராசிரியர் அதைப் பற்றி எங்கள் நிலையத்திலேயே அரை மணி நேரம் பேசினார். மத்திமத்தைத் துறந்தது மத்திம வழியைத் துறந்து உச்சத்தை நாடும் பக்தி என்றெல்லாம் விளக்கினார். எனக்கு மெய்சிலிர்த்தது. பிறகு அந்தப் பாம்பன்காரரின் பேரன் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது, கடல் காற்றில் அவருடைய ஆர்மோனியத்தில் இரண்டு மத்திமக் கட்டைகளும் உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டனவாம். சரிபண்ண ஆளில்லை. "இருக்கறத வச்சுப் பாடிட்டாரு" என்றார் பேரன். பேராசிரியரிடம் நான் அதைச் சொல்லவில்லை. மனுஷன் பாவம், அரை மணி நேரம் பேசியவர்.

கீழக்கரையில் ஒரு மரக்காயர் வீட்டில், நபிகள் மேல் தோடியில் ஒரு பதம் கிடைத்தது. அந்த வீட்டுப் பெண்கள் அதைக் கல்யாணத்தில் பாடுவார்களே தவிர, ஆண்கள் யாருக்கும் அடியெடுத்துக் கொடுக்கக்கூடத் தெரியாது. நான் பெண்ணாய்ப் போனதால் உள்கட்டு வரை போக முடிந்தது. அங்கே கொடுத்த தொதல் அல்வாவைப் பற்றி ஆரம்பித்தால் விஷயத்துக்கு வரமாட்டேன்.

விஷயம் பஞ்சவர்ணம் அக்கா.

சாயல்குடிக்கும் முதுகுளத்தூருக்கும் நடுவில், பேருந்தை விட்டு இறங்கி ஒரு கண்மாய்க்கரை நெடுக நடந்தால் வருகிற ஊர் அவருடையது. மிளகாய்க் காடும் கொஞ்சம் நெல்வயலும் உள்ள குடும்பம். அவருடைய பாட்டனாருக்குத் தகப்பனார் முத்துக்கருப்பன் என்பவர், ஊர் அம்மன் நிறைகுளத்தாள் மேல் ஒரு கீர்த்தனம் செய்திருந்தார். வருஷாவருஷம் புரட்டாசிக் கொடைத் திருவிழாவில் அக்கா பாடும், மழை கேட்கிற பாட்டு. மழை என்றதும் வேறு யாராக இருந்தாலும் மழை ராகமான அமிர்தவர்ஷிணியைத்தான் எடுப்பார்கள். இவர் நாதநாமக்கிரியையில் போட்டிருந்தார். கேட்டால் மழை கேட்கிற மாதிரி இருக்காது. வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் இங்கேதான் கிடப்போம் என்று சொல்கிற மாதிரி இருக்கும்.

அந்தப் பாட்டில் ஒரு விசேஷம் உண்டு. நான் கேட்டதிலும் படித்ததிலும் இப்படி ஒன்று வேறு எங்கும் இல்லை. சரணத்தில் "சொல்லாயோ ஒரு சொல்லு, நிறைகுளத்தாளே" என்று ஒரு அடி வரும். அதைப் பாடியதும் பாடுகிறவர் வாயை மூடிவிட வேண்டும். இரண்டு களை ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளம் ஒரு முழுச் சுற்று வரும்வரை, கை மட்டும் போட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கோயிலில் கவுளி சொல்ல வேண்டும். கவுளி என்றால் பல்லிதான். சக் சக் என்று அது சொல்வதைத்தான் எங்கள் பக்கம் சாமி கொடுக்கும் உத்தரவு என்பார்கள். பெண் பார்க்கக் கிளம்புவதானாலும் சரி, கிணறு தோண்டுவதானாலும் சரி, கவுளி சொல்கிறதா என்று ஒரு நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்காதவர்கள் குறைவு. கவுளி சொல்லிவிட்டால் கடைசிச் சரணத்தைப் பாடலாம். சொல்லாவிட்டால் அதே அடியை மறுபடி பாடி மறுபடி காத்திருக்க வேண்டும். மூன்று தடவை கேட்டும் சொல்லவில்லை என்றால் பல்லவியைப் பாடி முடித்துவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

சாகித்யகர்த்தாக்கள் தங்கள் பெயரை, முத்திரை என்று, கடைசிச் சரணத்தில்தானே வைப்பார்கள்? இவரும் அங்கேதான் வைத்திருந்தார். ஆக, கவுளி சொன்னால்தான் முத்துக்கருப்பன் பெயர் வெளியே வரும். சொல்லாத வருஷங்களில் அது பெயரில்லாத பாட்டு. ஒரு மனுஷன் யாருக்கும் தெரியாமல் போவதற்கு இதைவிட நல்ல வழியை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பஞ்சவர்ணம் அக்காவுக்கு அதுதான் குறை. வரிசையாகப் பல வருஷம் கவுளி சொல்லவில்லை. "சின்னப் புள்ளைககிட்ட யாரு பாட்டுன்னு கேட்டா, சாமி பாட்டுங்குதுக ஆத்தா. எங்க பூட்டனாரு உக்காந்து கட்டின பாட்டு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அவுக பேரு ரேடியோவுல வந்துட்டா எனக்குப் போதும்" என்றார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நல்ல உயரம், மிளகாய்ப்பழ நிறத்தில் சேலை, எடுத்ததும் கட்டைச் சுருதியில் நிற்கிற குரல்.

நிலையத்துக்கு வரவழைத்தேன். குளிரூட்டிய அறையில் பாடினார். "சொல்லாயோ ஒரு சொல்லு" என்றார். நிறுத்தினார். கை தாளம் போட்டது. மறுபடி பாடினார், நிறுத்தினார். மூன்றாம் தடவையும் ஆயிற்று. பல்லவியைப் பாடி, கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் அதிகாரி ஓடி வந்தார். "கடைசிச் சரணம் எங்கேம்மா?"

"கவுளி சொல்லலையே சார்."

"இது ஏசி ரூம்மா. ஒரு ஈ கூட உள்ள வராது. பல்லி எப்படி வரும்?"

"அப்ப இங்கன நிறைகுளத்தா இல்லைன்னு அர்த்தம். ஊருக்கு வாங்க."

"சும்மா பாடிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றார் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெயர் வர வேண்டும் என்று என்னிடம் அப்படிக் கெஞ்சியவர், அந்தப் பெயர் நாக்கு நுனியில் இருக்கும்போது எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் போகவில்லை.

அதனால் வண்டியும் கருவியுமாக நாங்களே ஊருக்குப் போனோம். புரட்டாசி மாதம், நடுப்பகல். எங்கள் பக்கம் மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள், புழுதி விதைப்பு என்று பெயர். ஊரே விதைக்கப் போயிருந்தது. இருந்த கொஞ்சநஞ்சம் பேரையும் எங்கள் ஒலிப்பதிவுப் பொறியாளர், இருமுவார்கள் தும்முவார்கள் என்று கோயிலை விட்டு விரட்டிவிட்டார். பூசாரியையும் விடவில்லை; அவர் இடுப்பில் இருந்த சாவிக்கொத்து சத்தம் போடுகிறதாம். பூசாரி கண்மாய்க்கரை வேப்பமரத்தடியில் போய்த் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். உள்ளே அக்கா, பொறியாளர், சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு நான். மூன்று பேர்தான்.

அக்கா பாடினார். முதல் தடவை நிறுத்தியபோது ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவை எங்கேயோ ஒரு ஆட்டின் கழுத்து மணி கேட்டது, அவ்வளவுதான். மூன்றாம் தடவை தாளம் கடைசி வீச்சுக்கு வந்துவிட்டது. படித்தவள், பகுத்தறிவுக் கூட்டத்துக்கெல்லாம் போனவள், ஒரு பல்லிக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். அப்போது அம்மனுக்குப் பின்னால் இருந்த உத்தரத்திலிருந்து சக் சக் சக் என்று கணீரென வந்தது.

பொறியாளர் முகத்தைச் சுளித்து, 'சத்தம், மறுபடி எடுக்கலாம்' என்று கையைத் தூக்கினார். நான் அந்தக் கையை எட்டிப் பிடித்து அமுக்கினேன். அக்கா இது எதையும் பார்க்கவில்லை. "சொன்னாளே ஒரு சொல்லு" என்று எடுத்து, "முத்துக்கருப்பன் பாட்டுக்கு" என்ற இடத்தில் நின்று, அந்தப் பெயரை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை வைத்துப் பாடினார். குரல் நடுங்கவே இல்லை. பாடி முடித்த பிறகுதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இனி எங்கள் நிலையத்து பிளேடு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் நாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டித்தான் தொகுப்பார்கள். அதில் சூரர் அவர். ஒரு சொல்லின் நடுவே வந்த இருமலை, சொல்லுக்குக் காயம் படாமல் எடுத்துவிடுவார். வெட்டிய துண்டுகளைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு டீ குடிக்க வருவார். நல்ல மனிதர். வானொலிக்காரர்களுக்கு மௌனம் என்றால் பாம்பைக் கண்ட மாதிரி. நாலு விநாடி சத்தமில்லாமல் போனால் எங்கேயோ கருவி கெட்டுவிட்டது என்று கேட்கிறவர்கள் ரேடியோவை வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள், மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்பார்கள். நான் அடுத்த பதிவுக்காகத் தனுஷ்கோடிப் பக்கம் போயிருந்தேன். அக்காவின் நாடா பிளேடு சாரிடம் போனது.

அந்தப் பாட்டை ராமேஸ்வரத்தில் ஒரு டீக்கடையில்தான் கேட்டேன். கடைக்காரரிடம் "நம்ம நிகழ்ச்சி" என்று முன்கூட்டியே பீற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சொல்லாயோ ஒரு சொல்லு, நிறைகுளத்தாளே" என்று வந்தது. என் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. ஆனால் அடுத்த தட்டுக்கே "சொன்னாளே ஒரு சொல்லு" வந்துவிட்டது. இடைவெளியே இல்லை. கவுளியும் இல்லை. நிலையத்துக்குத் திரும்பியதும் நேராகப் பிளேடு சாரிடம் போய் நின்றேன்.

பிளேடு சார் பெருமையாகத்தான் சொன்னார். "அந்தம்மா நடுவுல அடி மறந்துபோய் மூணு தடவை நிறுத்தி நிறுத்திப் பாடியிருந்தாங்க. பாவம், கிராமத்து ஆளு. எல்லாத்தையும் எடுத்துட்டேன். ஒரு பல்லிச் சத்தம் வேற. ஒட்டு தெரியுதா பாரு?" ஒட்டுத் தெரியவில்லை. வெட்டிய துண்டைக் கேட்டேன். அதை அன்றைக்கே கூட்டித் தள்ளியிருந்தார்கள்.

அக்காவின் ஊரில் எல்லாரும் கடை வாசலில் கூடி நின்று கேட்டிருக்கிறார்கள். பாட்டு அவர்களுக்கு மனப்பாடம். எங்கே நிறுத்த வேண்டும் என்று குழந்தைக்கும் தெரியும். பெயர் வந்ததும் கூட்டத்தில் யாரோ, "கேக்காமப் பாடிப்புட்டாளே" என்றார்களாம். அவ்வளவுதான். கவுளி சொன்னதற்குச் சாட்சி சொல்ல, அன்றைக்குக் கோயிலுக்குள் எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. அந்த வருஷம் பார்த்து ஐப்பசியும் கார்த்திகையும் வெறும் மேகத்தைக் காட்டிவிட்டுப் போயின. தூவிய விதை புழுதியிலேயே கிடந்து வீணாயிற்று. எங்கள் சீமையில் மழை பொய்ப்பது புதிதா என்ன? ஆனால் அந்த வருஷத்துக்கு மட்டும் அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது.

யாரும் அக்காவை ஒதுக்கி வைக்கவில்லை, வாயெடுத்து வையவும் இல்லை. அடுத்த புரட்டாசிக்குப் பாடக் கூப்பிடவில்லை, அவ்வளவே. வேறொரு அம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதைக் கேள்விப்பட்டதும் நான் ஊருக்குப் போய், கோயில் பொறுப்பில் இருந்த பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார், கலர் வாங்கிக் கொடுத்தார்.

"நீங்க ரேடியோக்காரவுக. உங்க ஆள விட்டுக்கொடுப்பீகளா? சொல்லத்தான் செய்வீக. அந்தச் சத்தம் இருந்தாப் போட்டுக் காட்டுங்க, ஊரு கேட்டுக்கிரட்டும்."

நான் திரும்பி வந்து இதைச் சொன்னதும் பிளேடு சாருக்கு முகம் சின்னதாகிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு நாடாவைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். அவர் வீட்டுச் சமையலறையில் காத்துக் கிடந்து பதிவு செய்த பல்லியின் சத்தம்! அதைப் பாட்டில் அளவாக இடைவெளி விட்டு ஒட்டியிருந்தார். போட்டுக் கேட்டேன். நிஜப் பல்லியைவிடத் தெளிவாகச் சொன்னது. சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் ஊர் நம்பிவிடும் என்று எனக்கே ஆசை வந்துவிட்டது. நடந்ததைத்தானே காட்டப்போகிறோம், பல்லி மட்டும்தானே வேறு!

அக்கா களத்தில் மிளகாய் வற்றலைக் கிண்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார். நெடியில் எனக்குத் தும்மல். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "யாரு வீட்டுக் கவுளி?" என்றார்.

சொன்னேன்.

"அவுக வீட்டுக் கவுளி அவுக சட்டிபானைக்குச் சொல்லியிருக்கும். எனக்கு எதுக்கு ஆத்தா அது?"

"ஊரு உங்களத் தப்பா நினைக்குதேக்கா."

"நினைக்குது. வலிக்கத்தான் செய்யுது, இல்லேங்கல. ஆனா அவ சொன்னா. நான் கேட்டேன், நீ கேட்ட. இதக் கொண்டுபோய்ப் போட்டம்னு வச்சுக்க, அப்பத்தான் நான் கேக்காமப் பாடுனவளாவேன்."

ஒரு பை வற்றல் கட்டிக் கொடுத்தார். பேருந்தில் வரும் வழியெல்லாம் தும்மிக்கொண்டே, அந்த ஊர்மேல் எரிச்சலில் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் வற்றல் நெடிதான் காரணம் என்று ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அக்காவை அதன்பிறகு ஒருபோதும் பாடக் கூப்பிடவில்லை. அவரும் பாடவில்லை, வீட்டில் வேலை செய்யும்போதுகூட. அவர் போய்ச் சேர்ந்த தகவல் எனக்குக் காரியம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் வந்தது. பிளேடு சாரும் இல்லை. நாடாவை வெட்டி ஒட்டுகிற வேலையே இப்போது இல்லை.

போன புரட்டாசியில் அந்த ஊர்க் கொடைக்குப் போயிருந்தேன். கோயில் அடையாளம் தெரியவில்லை. உத்தரமெல்லாம் போய்க் காங்கிரீட் வந்துவிட்டது. வாசல் வளைவில் பெரிய எழுத்தில் 'முத்துக்கருப்பன் கலையரங்கம்' என்று எழுதியிருந்தது. அவருடைய பெயர் ஜில்லாவெங்கும் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட விழாக்களில் அந்தப் பாட்டைப் பாடுகிறார்களாம். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. ஒரே மாதிரி பாவாடை கட்டிய பெண்பிள்ளைகள் வரிசையாக நின்று ஒலிபெருக்கியில் பாடினார்கள். "சொல்லாயோ ஒரு சொல்லு, நிறைகுளத்தாளே" என்றார்கள். மூச்சுவிடாமல் "சொன்னாளே ஒரு சொல்லு" என்று போய்விட்டார்கள். கூட்டம் கை தட்டியது. தட்டியவர்களில் அன்றைக்குக் கடை வாசலில் நின்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

பாட்டு முடிந்ததும் முன்னால் நின்று பாடிய பெண்ணைக் கூப்பிட்டேன். நன்றாகப் பாடினாய் என்றேன். அப்புறம் மனசு கேட்கவில்லை.

"அந்த 'ஒரு சொல்லு'க்கு அப்புறம் நிறுத்தணும்ல தாயி?"

"எதுக்கு டீச்சர்?" கண்ணாடி போட்டு, நரைத்த தலையோடு யாராவது போனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டீச்சர்தான்.

"கவுளி சொல்லுதான்னு கேக்கணும். சொன்னாத்தான் மேல பாடணும். பஞ்சவர்ணம்னு ஒருத்தர் இந்த ஊர்ல இருந்தாங்க, அவங்க அப்படித்தான் பாடுவாங்க."

அந்தப் பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள். வயதானவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள் போல. கையில் இருந்த போனில் எதையோ தேடி எடுத்து, ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவே என் காதோடு வைத்தாள்.

"அவுக ரேடியோவுல பாடுனத வச்சுத்தான் நாங்க படிச்சோம். இந்தாங்க, நீங்களே கேளுங்க. அவுக எங்கயும் நிறுத்தலையே."

கேட்டேன். பஞ்சவர்ணம் அக்காவின் குரல்தான். எங்கும் நிறுத்தவில்லை.